மலைக்கோட்டை தாயுமானவர் சன்னிதி: வாழைத்தாரோடு ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சி மலைக்கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, மூச்சு வாங்க ஏறி, உச்சிப் பிள்ளையாரைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் தாயுமானவர் சன்னிதிதான் இந்த மலையின் பெரிய கோயில். நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று கும்பிட வருகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். கர்ப்பரட்சாம்பிகை கோயில் இருக்கும் திருக்கருகாவூரில் நெய்யும் விளக்கெண்ணெயும் என்றால், இங்கே வேண்டுதலுக்குச் செலுத்துவது வாழைத்தார்.

தலவரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். பூம்புகாரிலிருந்து திருச்சிக்கு வாழ்க்கைப்பட்ட ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்குக் கிளம்பிய தாய், காவிரியில் வெள்ளம் வந்து கரையிலேயே நின்றுவிட்டாள். அந்தத் தாயின் உருவத்திலேயே சிவன் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிறவரை பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டியதைச் செய்தார். நிஜத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய். முதலில் வந்தவர் மறைந்துவிட்டார். இந்தக் கதையில் பெற்றவளை யாரும் குறை சொல்வதில்லை. அவளுக்குப் பாசம் குறையவில்லை, ஆற்றைத் தாண்டத்தான் முடியவில்லை. சாமியும் தாயைவிடப் பெரிய உருவத்தில் வராமல் அவள் உருவத்தையே எடுத்துக்கொண்டு, மருத்துவச்சி செய்கிற வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். பெற்றவர்களின் அன்பு எங்கே நின்றுபோகும், கடவுளின் அன்பு எங்கே தொடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தலம் தமிழ்நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி வாழைத்தார். காந்தி மார்க்கெட் பக்கம் வாங்குவது நல்லது. லாலாபேட்டை, தொட்டியம் பக்கத்துத் தார்கள் திருச்சிக்கு வருகின்றன. பூவன் கேளுங்கள். வாசனைக்காக ரஸ்தாளியை எடுத்தால், பழுத்ததும் காய் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும். சன்னிதி போய்ச் சேர்வதற்குள் சீப்பில் பாதி கூடையில் கிடக்கும். பூவன் பழுத்தாலும் தாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். முழுக்கப் பழுத்ததை வாங்காதீர்கள். மேல் சீப்புகள் மஞ்சளாகி, கீழ் சீப்புகளில் இன்னும் பச்சை தெரிகிற பதம்தான் சரி. பூஜைக்குப் பிறகு விநியோகம் செய்யும்போது கையில் நசுங்காது. ஒரே சீராகப் பளபளவென்று மஞ்சளாகி, காம்பு மட்டும் கரும்பச்சையாக நிற்கிற தார் மருந்தடித்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நல்ல பூவன் தார் 15 கிலோவைத் தொடும். தண்டைப் பிடித்துத் தோளில் வைத்து ஏறினால் படிக்கட்டின் திருப்பங்களில் சுவரில் உரசும், அடிச்சீப்பு நசுங்கும். சாக்கில் நிற்க வைத்து இரண்டு பேர் தூக்குவதுதான் வழி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை நானூறு படிக்கு மேல். தாயுமானவருக்கு அதில் பாதிக்குச் சற்று அதிகமாக ஏற வேண்டியிருக்கும். இந்தப் பகுதி பாறையைக் குடைந்து மேலே மூடிய வழி என்பதால் வெயில் இல்லை. ஆனால் காற்றும் குறைவு, புழுக்கம் உண்டு. உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் கடைசிப் படிகள் திறந்தவெளி. பாறை சுடும், செருப்பு கீழேயே விட்டாயிற்று என்பது அப்போதுதான் உறைக்கும். ரோப் கார் பேச்சு வருஷக்கணக்காக ஓடுகிறது, இப்போதைக்குக் கால்தான்.

இதனால்தான் நிறைமாதப் பெண்ணை அழைத்துவராதீர்கள். வேண்டுதல் அவளுக்குத்தானே என்று சிலர் பிடிவாதமாக ஏற்றுகிறார்கள். தேவையில்லை. புருஷனோ அம்மாவோ வந்து பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தால் போதும். வர முடியாதவருக்காக இன்னொருவர் வந்து நிற்பது இந்தத் தலத்துக்குப் புதிதா என்ன! பிள்ளை பிறந்தபின் குழந்தையோடு வந்து தாரைச் செலுத்துகிறவர்களும் உண்டு.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலை வெயிலுக்கு முன் ஏறுவது உத்தமம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். சுவாமிக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர், ஆகையால் மாலை வாங்குவதானால் செவ்வந்தி. சுவாமி மேற்கு பார்த்திருக்கிறார், கொடிமரம் சன்னிதிக்குப் பின்பக்கம் போய்விட்டது. கொடிமரத்தைத் தேடி முன்பக்கம் நின்று குழம்பாதீர்கள். அம்பாள் மட்டுவார்குழலி, தனிச் சன்னிதி. சுவாமியைப் பார்த்த கையோடு இறங்கிவிடாமல் அங்கேயும் போங்கள்.

இன்னும் கொஞ்சம் ஏற முடிந்தால், உச்சிக்குப் போகும் வழியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த பல்லவர் குகை இருக்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பத்தை விடியலுக்குப் பிந்தைய சாய்வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. அங்குள்ள கல்வெட்டு வேடிக்கையானது. ஆறுகள்மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியைப் பார்த்து மயங்கிவிடுவாரோ என்று பயந்து, மலைமகள் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். ஒரு தாயை மகளிடம் போகவிடாமல் மறித்ததும், ஒரு மகளைப் பிறந்த வீட்டைவிட்டு வரவைத்ததும் ஒரே ஆறு. மேலே நின்றால் ஸ்ரீரங்கம் வரை அந்த ஆறு தெரியும்.

கூட்டம் பொறுக்க முடியுமானால் சித்திரைத் திருவிழாவின் ஐந்தாம் நாளுக்கு வாருங்கள். ரத்னாவதிக்குச் சாமி பிரசவம் பார்த்ததை நடத்திக்காட்டும் செட்டிப்பெண் மருத்துவம் அன்றுதான். கர்ப்பிணிப் பெண் உருவத்தை வைத்துத் திரை போட்டு, திரை விலகும்போது மடியில் குழந்தையோடு காட்டுவார்கள். தைலமும் பிரசவ மருந்தும் பிரசாதமாகக் கிடைக்கும். திரை விலகும் நேரத்தில் முன்வரிசை நெரியும், கைக்குழந்தைக்காரர்கள் ஓரமாக நில்லுங்கள். பிரசாத மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன் வைக்கலாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு உள்ளுக்குக் கொடுப்பதானால் பேறுகாலம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.