டிராவல்ஸ்காரர் "பிசினஸ் கிளாஸ்"னு சொன்னா அப்படியே நம்பி காசு கட்டாதீங்க

முதல் தடவையா பிசினஸ் கிளாஸ் எடுக்கப் போறவங்க, முக்கியமா வயசான அப்பா அம்மாவ அனுப்பப் போறவங்க, இத படிச்சிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கு, ரொம்ப நேரம் கால மடக்கி உக்கார முடியாது, அதனாலதான் லண்டன்ல இருக்குற அண்ணன் வீட்டுக்குப் போறதுக்கு நாங்கெல்லாம் சேந்து காசு போட்டு பிசினஸ் எடுத்தோம். டிராவல்ஸ் பேரு சொல்லல, பல வருஷமா தெரிஞ்சவங்கதான். "மேடம், படுத்துக்கிட்டே போலாம், லவுஞ்ச் எல்லாம் சேத்துதான்"னு சொல்லி (லவுஞ்ச்னா ஃப்ளைட் ஏறுற வரைக்கும் ஏர்போர்ட்ல சாப்ட்டு ஓய்வெடுக்குற தனி இடம்) அவங்க லெட்டர்ஹெட்லயே பிசினஸ் கிளாஸ்னு கொட்ட எழுத்துல போட்டு ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க.

சென்னை ஏர்போர்ட்ல நாங்க வெளிய நிக்கிறோம், உள்ளருந்து அம்மா போர்டிங் பாஸ போட்டோ எடுத்து அனுப்புறாங்க. சென்னைலருந்து வளைகுடா வரைக்கும் அப்பாவுக்கு 3ஏ. அங்க மாறி லண்டன் போற ஃப்ளைட்டுக்கு 34இ. எகனாமி, அதுவும் நடு சீட்டு. நாலு மணி நேரத்துக்கு பிசினஸ், ஏழு மணி நேரத்துக்கு மேல போற ஃப்ளைட்டுக்கு எகனாமி! லவுஞ்ச்லயும் இந்த ஃபேருக்கு கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பா "விடும்மா, பாத்துக்கலாம்"ங்கறாரு, எனக்கு ஆத்திரம் தாங்கல. லண்டன்ல இறங்குறப்ப முட்டி வீங்கிப் போயிருந்துச்சு.

ஒரே டிக்கெட்ல ஒரு ஃப்ளைட் பிசினஸ், இன்னொண்ணு எகனாமின்னு போடுறதுக்குப் பேரு மிக்ஸட் கேபின். தெரிஞ்சே அப்படி வாங்கினா தப்பில்ல, விலை குறையும். மறைச்சு விக்கிறதுதான் அயோக்கியத்தனம். லவுஞ்ச் இல்லாத பிசினஸ் ஃபேரும் நெஜமாவே இருக்கு, எமிரேட்ஸ் 2019லயே கொண்டு வந்தாங்க, கத்தார் ஏர்வேஸ்லயும் லைட்னு ஒண்ணு வந்துச்சு.

அதனால ஏஜென்ட் அடிச்சுக் குடுக்குற பிடிஎஃப நம்பாதீங்க. பிஎன்ஆர், அதாவது ஆறு எழுத்து புக்கிங் கோட வாங்கி ஏர்லைன் ஆப்லயே போட்டுப் பாருங்க, ஒவ்வொரு செக்டாருக்கும், அதாவது வழியில மாறுற ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும், எந்த கேபின்னு தனித்தனியா காட்டும். 13 இலக்க நம்பர் இருக்குற ஒரிஜினல் ஈ-டிக்கெட்டையும் கேட்டு வாங்குங்க, அதுல செக்டாருக்கு ஒரு எழுத்து இருக்கும், பொதுவா ஜே, சி, டின்னா பிசினஸ், ஒய், எம்னா எகனாமி. லவுஞ்ச், சீட் செலக்‌ஷன், கேன்சல் பண்ணா எவ்வளவு பிடிப்பாங்க, எல்லாத்தையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. வீல்சேர் எந்த கிளாஸா இருந்தாலும் ஃப்ரீதான், ஆனா 48 மணி நேரம் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

லவுஞ்ச் கெடைக்கலயேன்னு யாரோ அனுப்புற லிங்க்ல ஆப் எதையும் இறக்கிடாதீங்க. 2024ல பெங்களூரு ஏர்போர்ட்ல லவுஞ்ச் பாஸ்னு ஒரு போலி ஆப்ப இறக்கின ஒரு பொண்ணு 87,000 ரூபாய்க்கு மேல இழந்தாங்க, அந்த ஆப் போனுக்கு வர்ற எஸ்எம்எஸ்ஸயெல்லாம் திருடிட்டு இருந்துச்சு. அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க.

ஏர்லைன்கிட்ட நஷ்டஈடு கேக்கலாமேன்னு சிலர் சொன்னாங்க. பிசினஸ் டிக்கெட் வச்சிருக்குறவங்கள ஏர்லைன்காரங்களே எறக்கி எகனாமில உக்கார வச்சா 2023லருந்து டிஜிசிஏ (இந்தியாவோட விமானப் போக்குவரத்து கட்டுப்பாட்டு அமைப்பு) ரூல் இருக்கு, இன்டர்நேஷனல்னா தூரத்தப் பொறுத்து 30லருந்து 75 பர்சென்ட் வரைக்கும் திருப்பித் தரணும். ஆனா எங்க டிக்கெட்ல அந்த செக்டார் போட்டதே எகனாமிதான், அதனால ஏர்லைன் மேல தப்பே இல்ல. பிடிஎஃப், வாட்ஸ்அப் சாட், பணம் கட்டின ரசீது எல்லாத்தையும் வச்சு 1915 கன்சூமர் ஹெல்ப்லைன்ல டிராவல்ஸ் மேல கம்ப்ளைன்ட் போட்டாச்சு. அவங்க இப்பவும் "சிஸ்டம் எர்ரர் மேடம்"னே சொல்லிட்டு இருக்காங்க.

ரிட்டர்ன் டிக்கெட்டையும் ஆப்ல பாத்தோம், அதுலயும் லண்டன்லருந்து வர்ற நீள ஃப்ளைட்டு எகனாமிதான் போட்டிருக்கு. எவ்வளவு கூடக் கட்டினா அந்த ஒரு செக்டார மட்டும் மாத்தித் தருவாங்கன்னு இப்ப ஏர்லைன் ஆபீஸ்ல நேராவே பேசிட்டு இருக்கோம்.