என்விடிஏ உச்சரிப்பு அகராதி: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானின் உச்சரிப்பு அகராதியை, அதாவது எந்தச் சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் பட்டியலைப் பற்றிப் பேசும்போது, எத்தனை சொற்களைச் சேர்த்தோம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகிறது. பல ஆண்டுகளாக என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் தமிழ் படித்தும் எழுதியும் வரும் எனக்கு, எதை எந்த அகராதியில் வைக்கிறோம் என்பதே முதல் கேள்வியாகப் படுகிறது.

என்விடிஏவில் நாம் கைவைக்கக்கூடிய பேச்சு அகராதிகள் மூன்று. பொது அகராதி எல்லாக் குரல்களுக்கும் பொருந்தும். குரல் அகராதி இப்போது பேசிக்கொண்டிருக்கும் குரலுக்கு மட்டும். தற்காலிக அகராதியில் போட்டது, மென்பொருளை மூடித் திறந்தால் போய்விடும். உரை முதலில் தற்காலிகத்திலும், அடுத்து குரல் அகராதியிலும், கடைசியாகப் பொதுவிலும் நுழைந்து வெளியே வருகிறது.

புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் பொது அகராதியில் கொட்டிவிடுகிறார்கள். நான் பொதுவில் வைப்பது சுருக்கங்களை மட்டும்: கி.மீ, எ.கா, மு.ப போன்றவை. இவற்றில் வரும் புள்ளியை வாக்கிய முடிவாக எண்ணிக் குரல் நின்று நின்று போவது எரிச்சல் தரும். மற்றதெல்லாம் குரல் அகராதிக்குத்தான். ஒரு குரல் தடுமாறும் சொல்லை இன்னொரு குரல் ஒழுங்காகவே சொல்லும்; அங்கே நம் திருத்தம் போய் உட்கார்ந்தால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

தமிழுக்கென்றே சில தலைவலிகள் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எங்கு வந்தாலும், முழுச் சொல், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் விவரித்துத் தேடும் முறை). முழுச் சொல் என்பதுதான் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் என்விடிஏ பெரும்பாலும் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன், நம் உயிர்க்குறிகளையும் மெய்யின் புள்ளியையும் எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் ‘செ.மீ’ என்று முழுச் சொல்லாகக் கொடுத்தால், நான் புழங்கிய பதிப்புகளில் அது பிடிபடவே இல்லை. கடைசியில் நிற்பது ஈகாரக் குறி, அங்கே சொல் எல்லையே இல்லை என்பது அதன் கணக்கு. மறுபக்கம், ‘மண’ என்று கொடுத்தால் ‘மணி’க்குள்ளும் புகுந்துவிடும். நடுவில் புள்ளி உள்ள சுருக்கங்களை எங்கு வந்தாலும் என்ற வகையில் போடுவதே மேல். அந்தப் புள்ளியே காவல். வேறு சொல்லுக்குள் தற்செயலாக வருவது அரிது. தனிச் சொற்களுக்கு, முன்னும் பின்னும் ஒருங்குறியின் (யூனிகோட்) தமிழ்த் தொகுதியில் உள்ள எந்தக் குறியீடும் வரக்கூடாது என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் கட்டிவிட வேண்டும். ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் புள்ளிக்கு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள், அதை மறக்கக் கூடாது. ‘பக்.’ என்பதைப் ‘பக்கம்’ ஆக்கச் சொல்லி, புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போடாமல் விட்டால், ‘பக்தி’ என்பது ‘பக்கம்’ ஆகி, அதன் வாலில் அநாதையாக ஓர் இகரக் குறி தொங்கும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆன்மிகக் கட்டுரை படிக்கும்வரை! சரியாக எழுதினால் இதே கருவி அருமையான வேலை செய்யும். எண்ணை அடைப்புக்குறிக்குள் பிடித்து முன்னால் கொண்டுவந்தால், ‘பக். 45’ என்பது ‘45ஆம் பக்கம்’ என்று காதில் விழும்.

வரிசையும் முக்கியம். ஒரு பதிவு மாற்றியதன் மேல்தான் அடுத்த பதிவு வேலை செய்கிறது. ‘ச.கி.மீ’ என்பது ‘கி.மீ’க்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘ச.கிலோமீட்டர்’தான் கேட்கும். நான் வைத்திருக்கும் பதிப்பின் உரையாடல் பெட்டியில் பதிவுகளை மேலே கீழே நகர்த்தும் பொத்தான் இல்லை. கோப்பைத் திறந்து வரிகளை இடம் மாற்றுகிறேன்.

அப்புறம், ஒருங்குறிச் சிக்கல். ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியீடான ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். திரையில் ஒன்று போலவே இருக்கும்; அகராதிக்கு இரண்டும் வேறு. ஒரு பதிவு சில ஆவணங்களில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஔகாரமும் இப்படித்தான். ‘மௌனம்’ என்பதை ளகரம் போட்டு ‘மெளனம்’ என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். குரல் அதை அப்படியே ளகரத்தோடு படிக்கும். எகரக் குறிக்குப் பின் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் மாற்று என்று பொது விதி போட்டால் ‘தெளிவு’, ‘வெள்ளை’ எல்லாம் சிதைந்துபோகும். ‘மெளன’, ‘கெளரவ’, ‘ஒளவை’ என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வழி.

குரல் அகராதியை நான் வலியுறுத்துவதற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்தத் திருத்தங்கள் எழுத்துப் பிழையை நம் காதிலிருந்து மறைத்துவிடுகின்றன. படிக்கும்போது அது வசதி; மெய்ப்புப் பார்க்கும்போது ஆபத்து. அதனால் படிப்பதற்கு ஒரு குரல், மெய்ப்புக்குக் குரல் அகராதியே இல்லாத இன்னொரு குரல் என்று பிரித்துவிட்டேன். குரலை மாற்றியதும் பிழைகள் பிழைகளாகவே ஒலிக்கும். சந்தேகம் வந்தால் இட வல அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக நகர்ந்தும் பார்க்கலாம், சொற்களுக்குப் போட்ட திருத்தங்கள் தனி எழுத்தில் தலையிடாது. பிரெய்ல் காட்டியிலும் மூலம்தான் வரும்.

எதிர்பார்த்துக் கிடைக்காதது ஒன்று உண்டு. சொல்லின் முதலில் வரும் வல்லினத்தை மெலிதாக ஒலிக்க வைக்கத் தமிழ் எழுத்தில் வழியில்லை. ‘பஸ்’ என்பதை எப்படி மாற்றி எழுதினாலும் தமிழ்க் குரல் அழுத்தித்தான் சொல்லும். மாற்றாக ஆங்கில எழுத்தில் கொடுத்தால் என்விடிஏவோடு வரும் குரல்பொறியான ஈஸ்பீக் ஆங்கில விதிப்படி படித்துவிடும், ஆனால் ‘பஸ்ஸில்’, ‘பஸ்ஸுக்கு’ என்று வேற்றுமை உருபு ஒட்டும்போது ஒட்டுப்போட்டது போல் கேட்கும். நான் விட்டுவிட்டேன், காது பழகிவிட்டது.

ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானில் செயலிக்குச் செயலி தனி அகராதி வைக்கலாம். இன்செர்ட்டுடன் டி அழுத்தினால் அகராதி மேலாளர் திறக்கும். ஐபோனில் உள்ள திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரின் பேச்சு அமைப்புக்குள் உச்சரிப்புகள் பகுதி இருக்கிறது, அங்கேயும் செயலியைக் குறிப்பிடலாம். செயலி வாரியாகப் பிரிக்கும் இந்த வசதி என்விடிஏவுக்கும் வந்தால் நன்றாயிருக்கும்.

கணினி மாற்றும்போது என்விடிஏ அமைப்புகளுக்குள் உள்ள பேச்சு அகராதிக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். உள்ளே இருப்பவை வெறும் உரைக் கோப்புகள், நோட்பேடில் திறக்கலாம். ஆனால் குரல் அகராதியின் கோப்பு குரலின் பெயரோடு கட்டப்பட்டிருப்பதால், புதுக் கணினியில் அதே குரலை முதலில் நிறுவிவிடுங்கள்.