சீப்பா, ஸ்லிக்கர் பிரஷ்ஷா? நீளமுடி நாய்க்கு எது கைகொடுக்கும்

எங்கள் மால்டீஸ் நாய்க்கு ஒருநாள் விடாமல் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேலே பட்டு மாதிரி மினுங்கும். ஒரு மாலை காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டபோது விரலில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டியது. உண்ணியோ என்று பதறி முடியை விலக்கிப் பார்த்தால், சடை. சுற்றியிருந்த தோலையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது. தொட்டதும் நாய் வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டது. பாவம், எத்தனை நாள் வலித்ததோ. இத்தனை நாளும் பிரஷ் மேல்முடியை மட்டும் தடவிவிட்டு வந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பிரஷ் ஸ்லிக்கர் வகை. நுனி வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும். உதிர்ந்த முடியை அள்ளவும் சின்னச் சிக்குகளைப் பிரிக்கவும் இதைவிட வேகமான கருவி கிடையாது. ஆனால் அழுத்தி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் சிவந்து கீறல் விழும். முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் நாய்க்கும் உறுத்தும்.

மெத்தைமேல் கம்பிகள் தள்ளித் தள்ளி நிற்கும் பின் பிரஷ் சாது. சிக்கில்லாத முடியை நீவிவிட நல்லது, அவ்வளவுதான்.

ஸ்டீல் சீப்பில் ஒரு பாதிப் பற்கள் அகலமாகவும் மறுபாதி நெருக்கமாகவும் இருக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்: வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் போனால் சிக்கு இல்லை, நின்றால் அங்கே இருக்கிறது. ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்புறம், முன்னங்கால் கக்கம், கழுத்துப்பட்டைக்கு அடி, பின்தொடை, வாலடி ஆகிய ஐந்து இடங்களைத் தவறவிடாதீர்கள். சிக்கு தட்டினால் வேர்ப்பக்கம் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்கலாம், தோல் இழுபடாது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டும் இருந்தால் முதலில் ஸ்லிக்கர், அப்புறம் சீப்பு. கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் போல மேல்முடிக்குக் கீழே அடிமுடி அடர்ந்த நாய்களுக்கு, அந்த அடிமுடியை வாரி எடுக்கும் ரேக்கும் வேண்டும். பிளேடு வைத்த முடிநீக்கிகளை நான் தொடுவதில்லை. அவை மேல்முடியையும் அறுத்துவிடும்.

குளியல் முதலா, சீவுவது முதலா? சந்தேகமே வேண்டாம், சீவுவதுதான் முதல். தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சடை இன்னும் இறுகிவிடும். ஷாம்பு விஷயத்திலும் நம்முடையதை எடுத்துப் போடாதீர்கள். மனிதத் தோலின் பி.எச். (அமில-கார அளவு) 5.5ஐ ஒட்டியது, நாயின் தோல் அதைவிட 7க்கு நெருக்கமானது. நமக்கான ஷாம்புவைத் தொடர்ந்து போட்டால் தோல் வறண்டு அரிக்கத் தொடங்கும். துவட்டும்போது துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் புதிதாகச் சிக்கு விழும். அடர்ந்த முடிக்குத் துண்டு மட்டும் போதாது. அடிமுடியில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டிக்கொண்டே சீவ வேண்டும்.

முடியைக் கத்தரித்துக் குட்டையாக வைப்பதா, நீளமாகவே விடுவதா என்பது நாயைப் பொறுத்தது. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற, அடிமுடி இல்லாத ஒற்றை அடுக்கு முடிக்குக் குட்டையான வெட்டு தாராளமாகப் போதும். தினமும் உட்கார்ந்து சீவ நேரமில்லாதவர்களுக்கு அதுவே நாய்க்குச் செய்யும் நல்லது. மேல்முடியும் அடிமுடியும் உள்ள இரட்டை அடுக்கு முடியை மட்டும் வெயிலைக் காரணம் காட்டி ஒட்ட மழிக்காதீர்கள். அந்த முடிதான் வெயில் தோலில் நேராக விழாமல் காக்கிறது. மழித்தால் திட்டுத் திட்டாக முளைக்கவும் கூடும். மலவாயைச் சுற்றியும் பாதத்தின் அடியிலும் குறைத்துவிட்டால் எல்லா வகைக்கும் சுத்தம்.

எங்கள் நாயின் அந்தச் சடையை மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக, சிக்கு நீக்கும் ஸ்பிரே அடித்து விரலாலும் சீப்பின் கடைசிப் பல்லாலும் பிரித்தேன். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. சடைக்குள் தோலும் மடங்கி ஏறியிருக்கும், முடி எது தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. பிரிக்கவே முடியாத அளவு இறுகிவிட்டால் முடிவெட்டும் கிளிப்பரால் எடுக்கத் தெரிந்தவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோய்விடுங்கள்.