ஆர்15 வி2-ஐக் கொடுத்துவிட்டு வி3 எடுக்கலாமா? திருகோணமலையில் ஓடிப் பார்த்தவனின் கணக்கு

யமஹா ஆர்15 மோட்டார் சைக்கிளின் இரண்டாவது மொடலான வி2 வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை பிடிக்கும்: இதைக் கொடுத்துவிட்டு வி3 எடுத்தால் என்ன? எனக்கு அது போன வருடம் பிடித்து, இந்த வருடம் முழுக்க ஆட்டி வைத்தது. யமஹா ஆர்15 வி2-ஐ இரண்டாங்கையாக வாங்கி, பல வருடமாகத் திருகோணமலைக்குள் வேலைக்கும் கடைக்கும், அவ்வப்போது கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் ஓடுகிறவன் நான். ஷோரூமில் புதிது எடுக்கப் போகிறவருக்கு இது உதவாது. பழையதைக் கொடுத்துக் கொஞ்சம் புதிய பழையதை எடுக்கலாமா என்று காசை எண்ணிக்கொண்டிருப்பவர் வாசிக்கலாம்.

முதலில் கையில் இருப்பது. வி2 என்பது 149.8 சிசி, 17 பிஎஸ் (குதிரைவலு மாதிரி ஒரு அளவு), ஆறு கியர், ரேடியேட்டர் உள்ள என்ஜின். 2011-இல் இந்தியாவில் வந்த மொடல், அதாவது இன்று ரோட்டில் ஓடும் எந்த வி2-உம் இளசு இல்லை. ஆனாலும் என்ஜினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒயிலை நேரத்துக்கு மாற்றி, கூலண்ட் குறையும்போது குழாய்த் தண்ணீரை ஊற்றாமல் இருந்தால் அது பாட்டுக்கு ஓடும்.

எங்கள் ஊரில் பைக்கைத் தின்பது ஓட்டம் இல்லை, உப்பு. மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து அடிக்கிற மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளியில் நிறுத்தின பைக்கின் டிஸ்க் விடியும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். அது பிரேக் பிடித்தவுடன் போய்விடும், பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்க்கு. மினுங்குகிற அந்தக் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் அதில் தட்டும். அந்தப் புள்ளி ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே கீழே போய்ப் போய், ஒயிலை அடைத்து வைக்கிற ரப்பர் சீலை அறுக்கும், பிறகு ஒயில் கசியும், சீலை மாற்றுவீர்கள், மறுபடி கசியும், ஏனென்றால் பிழை சீலில் இல்லை. குழாயை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றிக் காசை இறைத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். கடற்கரைக்குப் போய் வந்தால் சாதாரண குழாயால் நல்ல தண்ணீர் அடித்து, துடைத்து, அந்தக் குழாயில் ஒரு சொட்டு சிலிக்கன் எண்ணெய் தடவி விட்டால் போதும். சேவிஸ் ஸ்ரேசனில் பிரஷர் போட்டு அடிப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும்.

கச்சான் காலத்தில் கதை வேறு. தரைப் பக்கமிருந்து சூடாகக் காற்று அடிக்கும், புழுதி ரேடியேட்டர் இடுக்கில் அடையும், பஸ் நிலையத்தடி நெரிசலில் ஃபேன் நிற்காமல் சுற்றும். தொடை வேகும். அது வி3-இலும் வேகும், அதனால் அதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள்.

சரி, வி3. நண்பன் ஒருவனிடம் 2019 வண்டி இருக்கிறது. அதை வாங்கி ஹபரணை வரைக்கும் போய் வந்தேன். தாளில் பார்த்தால் 155 சிசி, 19.3 பிஎஸ், விவிஏ (என்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வு திறக்கிற அளவை மாற்றுவது), ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் குறைக்கும்போது பின் சக்கரம் இழுபடாமல் தடுப்பது). எல்லோரும் அந்த 19.3-ஐயே சொல்வார்கள். அது 10,000 ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை சுற்றும்போது, வருகிற பலம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். டோர்க், அதாவது இழுவை பார்த்தால் வி2-இல் 15 நியூட்டன் மீற்றர், வி3-இல் 14.7, அதுவும் இன்னும் மேலே திருகினால்தான். விவிஏ வேலை செய்யத் தொடங்குவது 7,400-இல். இப்போது சொல்லுங்கள், மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ, மான்கள் ரோட்டுக்குக் குறுக்கே நடந்து போகிற கோட்டைப் பக்கமோ யார் 7,400-க்கு மேல் திருகப் போகிறார்கள்? ஊருக்குள் வி2 கொஞ்சமும் பின்னால் நிற்காது. கந்தளாய் கழிந்து நீட்டு ரோட்டில், முன்னால் போகிற லொறியைத் தாண்டும்போதுதான் வி3 தன்னைக் காட்டுகிறது, உண்மையில் நன்றாகவே காட்டுகிறது, சிரிப்பு வந்தது. ஆனால் அதே ரோட்டில்தான் பின்னேரம் யானை நிற்கும். அந்த ஐந்து நிமிடச் சிரிப்புக்கு நாலு லட்சத்துக்கு மேல் கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளட்ச் நல்ல மெதுமை, இடது கைக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கைபிடி தாழ்வு, சீற் 815 மில்லிமீற்றர், வி2-ஐவிடப் பதினைந்து கூட. நிலாவெளி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கிற ஓரத்தில் காலை ஊன்றும்போது அந்தப் பதினைந்து தெரியும். பெற்றோல் டாங்க் 12 லீற்றரிலிருந்து 11 ஆகக் குறைந்திருக்கிறது, அது பெரிய விசயமில்லை. 2022-இல் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் வாங்கின காலத்தில் டாங்க் எவ்வளவு என்று யார் பார்த்தது? (சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில் நாங்கள் 4 லீற்றருக்கு வரிசையில் நின்றதை என் பிள்ளைக்கு இன்னும் விளங்கப்படுத்த முடியவில்லை.) பின் சீற்றைப் பற்றி நான் எழுதுவதைவிட மனைவி சொன்னதையே போடுகிறேன், ஏறி இருந்து பார்த்துவிட்டு இறங்கிச் சொன்னது: "இது சீற்றா மதிலா? நீங்க ஓடுங்க, நான் பஸ்ஸில வாறன்."

இவ்வளவும் சொன்ன பிறகும் வி3-ஐ நான் தூக்கிப் போடவில்லை. காரணம் ஒன்றே ஒன்று, ஏபிஎஸ், பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு. நண்பனின் வண்டியில் திரும்பி வரும்போது முள்ளிப்பொத்தானைக்குக் கிட்ட ஒரு மாடு, வழக்கம்போல எந்த யோசனையும் இல்லாமல் ரோட்டுக்கு ஏறியது. மழை தூறி நின்ற நேரம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன், வி2-இல் என்றால் விட்டு விட்டுப் பிடித்திருப்பேன், அல்லது படுத்திருப்பேன். லீவர் கைக்குள் டக்டக்கென்று அடித்தது, வண்டி நேராகவே நின்றது. மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். இரவில் தார் ரோட்டில் மாடுகள் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாவட்டத்தில் இருக்கிறவனுக்கு இரண்டு பிஎஸ் கூடுவதைவிட இது எவ்வளவோ பெரிது.

இங்கேதான் சிக்கல். வி3 எல்லாவற்றிலும் ஏபிஎஸ் இல்லை. இந்திய வி3 2018-இல் வந்தபோது இல்லை, 2019 தொடக்கத்தில்தான் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் போட்டார்கள். இந்தோனேசிய வி3 2017-இலேயே வந்தது. அதில் முன்னால் தலைகீழ் ஃபோர்க், பார்க்க அழகு, ஏபிஎஸ் இல்லை. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோனது. ஆக, ஏபிஎஸ் உள்ள பழைய வி3 என்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் வந்து இறங்கினவைதான். விளம்பரத்தில் "வி3, சுப்பர் கண்டிசன்" என்று மட்டும் போட்டிருந்தால் முதலில் கேட்க வேண்டியது தயாரித்த வருடத்தை, பதிவு செய்த வருடத்தை அல்ல. 2018-இல் செய்தது 2019-இல் பதிவாகியிருக்கலாம். முன் சக்கர டிஸ்குக்குப் பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு சின்ன வளையமும் அதற்குக் கிட்ட ஒரு சென்சர் வயரும் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படித் தேடி மட்டக்களப்புப் பக்கம் ஒன்று அகப்பட்டது. கராஜ் வைத்திருக்கும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி கழுவி, மினுக்கி, என்ஜினும் சூடாக்கி வைத்திருந்தது. சூடாக்கி வைத்தாலே எனக்குச் சந்தேகம், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகிற விதத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போவது. ஃபேரிங் (பைக்கின் பிளாஸ்டிக் மூடி) ஆணிகளின் தலை தேய்ந்திருந்தது, பல தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அண்ணன் மீற்றரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, சாவியைத் திருப்பு. இன்னொருக்கா திருப்பு. ஏபிஎஸ் லைற் எங்க?"

சாவி போட்டவுடன் அந்த லைற் எரிய வேண்டும், வண்டி உருளத் தொடங்கிய பிறகு அணைய வேண்டும். எரிந்து அணையாவிட்டால் ஏபிஎஸ் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், பழுது தெரியாமல் இருக்க யாரோ லைற்றையே கொன்றிருக்கிறார்கள். விற்கிற பெடியன் "அண்ணா, அது சின்ன வயர் வேலை" என்றான். சின்ன வேலை என்றால் விற்க முதல் செய்திருப்பானே. வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் அவன் பெயரில் இல்லை, அவனுக்கு விற்றவன் பெயரிலும் இல்லை, கையெழுத்து வைத்த ஓப்பன் பேப்பர் மட்டும் கை மாறி வந்திருக்கிறது, போதாததற்கு லீசிங் கம்பனியின் பெயரும் இன்னும் அகற்றப்படவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இப்போதைக்கு முடிவு, வி2 என்னோடு. வி3-க்கு என்று ஒதுக்கின காசில் ஒரு சிறு துண்டை எடுத்து முன் ஃபோர்க் குழாய் இரண்டும், சீல், செயின் செற், பிரேக் பாட், இரண்டு டயர் என்று மாற்றினேன். வண்டி ஓடுகிற விதமே மாறிவிட்டது, குறிப்பாக கன்னியாப் பக்கம் வளைவுகளில் முன் பக்கம் அலையாமல் நிற்கிறது. இதைச் செய்யாமல் வி3 ஓடிப் பார்த்தால் யாருக்கும் வி3 சொர்க்கமாகத்தான் தெரியும், தேய்ந்த டயரோடு நல்ல டயரை ஒப்பிட்டால் வேறென்ன தெரியும்.

உங்களுடைய வி2-இல் என்ஜின் புகைக்கிறது, அல்லது நீங்கள் வாரா வாரம் கொழும்புக்கோ கண்டிக்கோ ஓடுகிறவர் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, ஏபிஎஸ் வி3 எடுங்கள், கிளட்சுக்காகவே வாழ்த்துவீர்கள். வி4 பற்றியும் சிலர் கேட்டார்கள். 2021-இல் வந்தது, ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) எல்லாம் இருக்கிறது. 2025-இல் இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் அது என் சட்டைப்பைக்கு எட்டாத தூரம். கிழக்கு மாகாணத்துக்குள் ஒரு 2019 வி3, சொந்தப் பெயரில் புத்தகம், லைற் ஒழுங்காக எரிந்து அணைகிறது என்றால் அன்றைக்கே போய்ப் பார்ப்பேன், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

வி2-இன் பின் டயரின் அகலத்தை 130 மில்லிமீற்றரிலிருந்து 140 ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: போடுகிறார்கள், ஓடுகிறது, பார்க்கவும் கொழுத்துத் தெரியும். நான் போடவில்லை. அந்தக் காசுக்கு 130-இலேயே நல்ல ரப்பர் வாங்கி, முன் டயரையும் அதே நாளில் மாற்றுங்கள்.