நாடா தோற்றது, நோட்டு வென்றது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதி வணிக வளாகம் ஒன்றின் பாதுகாப்புக் காவலர்களுக்கு நான் மேற்பார்வையாளர். குற்றம் நடந்த இடத்தைக் கலையாமல் காப்பதற்கென்றே விற்கப்படும் பை ஒன்றை நிர்வாகம் வாங்கித் தந்தது. உள்ளே மஞ்சள் நாடா, கையுறை, காலணி உறை, எண் அட்டைகள், காகிதப் பைகள், பதிவு நோட்டு. தடயம் எடுப்பது நம் வேலை இல்லை. போலீசின் தடயவியல் ஆட்கள் வரும்வரை எதையும் யாரையும் தொடவிடாமல் நிற்பதுதான் வேலை. காகிதப் பைகளைக் கண்டதும் எங்கள் இளவட்டங்களுக்குத் துப்பறியும் ஆசை வந்துவிட்டது. அவற்றைப் பூட்டி வைத்துவிட்டேன். (ஈர இரத்தம் பட்ட துணி பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துக் கெடும், அதனால்தான் காகிதம்.)

கார் நிறுத்துமிடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த மாலைதான் பைக்கு உண்மையான சோதனை. நாடா மட்டம். கடற்காற்றில் முறுக்கிக் கயிறாகிவிட்டது, நீளமும் போதவில்லை. சுட்டவன் ஓடிய வழியையும் சேர்த்து அடைக்க வேண்டுமே! கடைத் தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்திச் சமாளித்தோம். மழை தூறியபோது தார்த்தரையில் கிடந்த தோட்டா உறையை மூட, பையில் ஒன்றுமே இல்லை. கடையிலிருந்து புது வாளி ஒன்றை வாங்கிக் கவிழ்த்தோம். கையுறை எல்லாம் ஒரே அளவு, அதுவும் சிறுவர் அளவு.

ஆனால் அந்த நோட்டு! எங்கள் மூத்த காவலர் ஜூலுக்காரர். எல்லோருக்கும் அவர் பாபா, ஜூலுவில் அப்பா. கூட்டம் நாடாவுக்கே அடங்கிவிட்டது. அடங்காதவர்கள் பதவியில் இருப்பவர்கள். நிர்வாகத்திலிருந்து கோட்டும் சூட்டுமாக வந்தவர் விறுவிறுவென்று உள்ளே நுழையப் பார்த்தார். பாபா குரலை உயர்த்தவில்லை, நோட்டை நீட்டினார். “பெயர், நேரம், உள்ளே போகும் காரணம் எழுதுங்கள், ஐயா.” பேனாவோடு காரணக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இடத்தைக் கெடுப்பவர்கள் வெளியாட்கள் மட்டுமல்லர். 2013 பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் ரீவா ஸ்டீன்காம்ப் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கை இந்த நாடே பார்த்தது. அவரைச் சுட்ட காதலர், ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் ஜாமீன் விசாரணையில், காலணி உறை இல்லாமல் அந்த வீட்டுக்குள் நடந்ததைப் புலனாய்வு அதிகாரியே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு, அந்த வீட்டிலிருந்து விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று காணாமல் போனதும், போலீஸ் நிபுணர் ஒருவர் கையுறையின்றித் துப்பாக்கியைத் தொட்டதும் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தன. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பை வாங்கலாம். நாடாவைத் தனியாக, தடிமனானதாக வாங்குங்கள். தார்ப்பாய் ஒன்றும் சேருங்கள். நோட்டில் பக்க எண் அச்சிட்டிருப்பதால் தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். அதைத் தனியாக விற்பதில்லை என்கிறார் கடைக்காரர். நகலெடுத்துத் தைத்த தாளில் அந்தக் காப்பு கிடையாது என்பதால், இன்னொரு முழுப் பைக்கே நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்.