நேப்பியர் புல் "திரும்ப வாங்கும்" ஒப்பந்தம்: குமரி மாவட்ட விளைக்காரர்கள் கவனத்துக்கு

பழைய ரப்பரை வெட்டிவிட்டு அடுத்து என்ன வைக்கலாம் என்று யோசிக்கிறவர்களைத் தேடித்தான் நேப்பியர் தீவனப்புல்லை நடச் சொல்லி, விளைந்ததைத் திரும்ப வாங்குவதாக ஒப்பந்தம் போடும் ஏஜெண்டுகள் வருகிறார்கள். குலசேகரம், அருமனை பக்கம் எங்கள் உழவர் குழுவில் சிலர் பணம் கட்டி ஏமாந்திருக்கிறார்கள். "சூப்பர் நேப்பியர் போடுங்க, பயோகேஸ் ஆலைக்கும் பாய்லருக்கும் டன் கணக்கில் நாங்களே எடுத்துக்கிடுவோம்" என்பதுதான் பேச்சு. கரணைக்கு, அதாவது நடுகிற தண்டுத் துண்டுக்கு, முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கினார்கள். முதல் அறுப்பு முடிந்ததும் போனை எடுக்கவில்லை.

முதல் ஏமாற்று கரணையில். சூப்பர் நேப்பியர் போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு 60 × 50 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 13,400 மூடுதான் (குத்து) வரும். இவர்கள் ஏக்கருக்கு 20,000 என்று கணக்குப் போட்டு விற்றார்கள். வந்த மூட்டையைப் பிரித்தால் பாதி ஒற்றைக் கணுத் துண்டு. மீதி சாக்குக்குள் சூடேறி மொட்டு கறுத்துக் கிடந்தது. கரணைக்கு இரண்டு கணுவாவது வேண்டும், தண்டு மூன்று மாத முற்றலாக இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் மொட்டு பச்சையாகத் தெரிய வேண்டும். வெட்டிய ஓரிரு நாளில் நட்டுவிட வேண்டும்.

விதைப் பாக்கெட்டும் விற்கிறார்கள். இந்த ஒட்டுப்புல் மலடு, விதை பிடிக்காது. பாக்கெட்டில் இருப்பது வேறு ஏதோ புல். கோ-4, கோ-5 என்ற ஒட்டுப்புல் ரகங்களின் கரணை பால்மாடு வளர்க்கிற பக்கத்து வீட்டு வரப்பிலேயே நிற்கும். இல்லையென்றால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

பெரிய ஓட்டை எடையில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் "டன்னுக்கு இவ்வளவு" என்று போட்டிருந்தார்கள். பச்சையா காய்ந்ததா என்று எழுதவில்லை. பச்சைப் புல்லில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். 1 டன் பச்சைப் புல்லில் தண்ணீர் போக மிஞ்சுகிற உலர்பொருள் 200 கிலோதான். 15 சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால் 235 கிலோ நிற்கும். டன்னுக்கு 1,200 ரூபாய் என்பது காய்ந்த எடைக்கான விலை என்றால், பச்சையில் ஒரு டன் அறுத்தவருக்கு 282 ரூபாய். அறுப்புக் கூலிக்கே அது காணாது, வண்டி வாடகை வேறு. அதுவும் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை ஊற்றுகிற ஊரில் புல்லை எங்கே போட்டுக் காய வைப்பது? குவித்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.

பாய்லர்காரர்கள் நேப்பியரை லேசில் எடுக்கவும் மாட்டார்கள். பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் உருகிக் கட்டிதட்டிப்போகும். ஆரல்வாய்மொழிக் காற்றடிக்கிற தோவாளைப் பக்கம் உயர்ந்த புல் சாய்ந்து மண் ஒட்டினால், "சாம்பல் கூடுதல்" என்று இன்னும் கழிப்பார்கள். பயோகேஸ் ஆலைக்குப் பச்சையாகவே கொடுக்கலாம், ஆனால் ஆலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீரை லாரியில் ஏற்றி நூறு கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசலுக்குக்கூடக் கட்டாது. ஆலை எங்கே, ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். வருசத்துக்கு ஏழு அறுப்பு கிடைப்பது தண்ணீரும், ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தழைச்சத்தும் கொடுத்தால்தான். மானாவாரி செம்மண் சரிவில் மூன்றாம் அறுப்பிலேயே புல் மெலிந்துவிடும்.

மூங்கில் கன்று விற்பதிலும் இதே கதைதான். திசு வளர்ப்புக் கன்று என்று விலை சொன்னால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் திசு வளர்ப்புக் கன்றுச் சான்று அந்தக் கன்றுத் தொகுதிக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். சான்று இல்லையென்றால் சாதாரணக் கன்று விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

நேப்பியர் ஏஜெண்டுகள் கொடுத்த ஒப்பந்தம் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு இருந்தது. தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம், 2019 கேட்கிற பதிவு அதில் இல்லை. எத்தனை சதவீத ஈரத்தில் என்ன விலை, எடை எங்கே போடுவது, வண்டி வாடகை யாருடையது, எந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் எவ்வளவு நஷ்டஈடு என்ற நான்கும் எழுத்தில் இல்லை. வழக்கென்றால் வெளியூர் நீதிமன்றம் என்ற வரி மட்டும் இருந்தது. அதைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், நமக்கு நாகர்கோவில். கெடு இரண்டு வருசம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பிரித்த மூட்டையின் போட்டோ மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.