ரிச்சி தெருக் கணினியும் ஹாலில் இருக்கும் பிளேஸ்டேஷனும்

பிளஸ் டூ முடிவுகள் வருகிற மே மாதத்தில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி கல்லூரியைப் பற்றியது, மீதி இதைப் பற்றியது. “மிஸ், பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். அவன் மாமா பிளேஸ்டேஷன் வாங்கித் தருகிறேன் என்கிறார். எது நல்லது?” நான் பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கேம் ஆடுகிறவள் என்பதும் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு ஹாலில் என் சம்பளத்தில் வாங்கிய பிஎஸ்5 ஸ்லிம் (பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த வகை) இருக்கிறது. மெக்கானிக்கல் படிக்கும் தம்பியின் அறையில், 2025 மே மாதம் சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கணினி இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பயன்படுத்துகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வேறு கணினி இல்லாமல் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்றால், யோசிக்காமல் கணினி. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் நிம்மதியாக ஆட நினைக்கிறவர் என்றால் கன்சோல், அதாவது பிளேஸ்டேஷன் போல டிவியில் செருகி ஆடும் பெட்டி. பெட்டியின் விலையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுகிற பேச்சு எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தக் கணக்கு எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

எங்கள் பில்லை அப்படியே சொல்கிறேன். ரைசன் 5 5600 பிராசசர் 9,200 ரூபாய். மதர்போர்டு 6,800. எட்டு ஜிபி ராம் இரண்டு சேர்த்து 3,200. ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 20,500. சேமிப்புக்கு ஒரு டிபி எஸ்எஸ்டி 4,900, பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 4,000, மூன்று ஃபேன் வைத்த கேபினட் 2,900. ஆக 51,500. இதோடு பேச்சை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இருபத்து நான்கு அங்குல மானிட்டர் 9,500, யூபிஎஸ் ஐயாயிரம், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் சேர்ந்து கை கடித்தது, எழுபதாயிரத்தைத் தொட்டுவிட்டோம். பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போட்டு ஆடும் வகை 54,990, டிஸ்க் இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கி ஆடும் டிஜிட்டல் வகை 44,990. பண்டிகைத் தள்ளுபடியில் இன்னும் குறையும். ஹாலில் டிவி ஏற்கெனவே இருந்ததால் எனக்கு வேறு பெரிய செலவில்லை, இரண்டாவது கன்ட்ரோலர் தவிர. அதற்கு ஆறாயிரத்தை ஒட்டி ஆனது.

அப்படியென்றால் கன்சோல்தானே மலிவு என்று தோன்றும். தம்பிக்கு கன்சோல் வாங்கியிருந்தால் வடிவமைப்பு மென்பொருளுக்கென்று தனியாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்க வேண்டும். அதற்கே நாற்பதாயிரம் போயிருக்கும். அவன் பகலில் அந்த மானிட்டரில் கியர் வரைகிறான், இரவில் அதே மானிட்டரில் சுடுகிறான்.

இனி ரிச்சி தெரு. மொத்தமாக அப்படிச் சொன்னாலும் அது வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று அண்ணா சாலைக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் பல தெருக்கள். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கே மெட்ரோ பிடித்தால் அடுத்த நிலையமே அரசினர் தோட்டம், இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. நாங்கள் வாங்கியது மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கடையில். பெயர்ப் பலகைகூட வெளியிலிருந்து சரியாகத் தெரியாது. கீழே கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வைத்த கடைகளில் கேட்ட முதல் கேள்வி “பட்ஜெட் எவ்வளவு, மேடம்?” என்பதுதான். மாடிக் கடைக்காரர் என் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: “என்ன கேம் ஆடுவீங்க தம்பி? மானிட்டர் இருக்கிறதா, என்ன ரெசல்யூஷன்?” அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதுகிற மருத்துவரிடம் வருகிற மரியாதை அது.

அவர் கொடுத்த கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல் எண், வாரன்டி ஆண்டு என்று மூன்றும் இருந்தன. பெட்டிகளை எங்கள் கண் முன்னால்தான் பிரித்தார். சீரியல் எண்களைப் பில்லில் ஏற்றினார். ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் விலை குறைப்பேன் என்ற பேச்சே வரவில்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பில் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றால் பதில் கிடைக்காது. பிராசசருக்கும் கார்டுக்கும் மூன்று ஆண்டு, எஸ்எஸ்டிக்கு ஐந்து ஆண்டு வாரன்டி எங்களுக்கு வந்தது. பெட்டியில்லாமல் உதிரியாக விற்கிற ‘ட்ரே’ பிராசசர் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைவாகக் கிடைக்கும். அதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் வாரன்டி.

அசெம்பிள் செய்து முடித்த பிறகு அவர் செய்த வேலைதான் எனக்கு இன்னும் பிடித்தது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்தார். அதைச் செய்யாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ராம், மெதுவான வேகத்திலேயே காலம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. மானிட்டர் ஒரு நொடியில் படத்தைப் புதுப்பிக்கும் வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 165-க்கு மாற்றுவதைத் தம்பியையே செய்ய வைத்தார். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகக் கூடாது, கார்டில்தான் செருக வேண்டும் என்று காட்டினார். 5600-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மாற்றிச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். பிறகு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைக் காட்டினார். குறை என்று பார்த்தால், உள்ளே வயர்களைக் கட்டிய விதம் அவசர வேலை. மாலையில் போனதால் கடை மூடும் நேரமாகி, மறுநாள் வந்து எடுத்துப் போகும்படி ஆனது. வாரன்டிக்கும் நேரில்தான் போக வேண்டும், அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை.

அதே தெருவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. “கேமிங் பிசி, ஐ7, நான்கு ஜிபி கிராபிக்ஸ், இருபதாயிரம்” என்று எழுதி, நிறம் மாறும் ஃபேன்களோடு கண்ணாடி கேபினட்டைப் பார்வைக்கு வைத்திருப்பார்கள். விசாரித்தால் அந்த ஐ7 இன்டெல் பிராசசரில் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. கார்டு ஜிடி 730, அது 2014. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பிள்ளைகள் உயிரை விடுகிற வாலரன்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் உள்ளே விடாது. ஐ7 என்ற எழுத்தை நம்பி ஒரு மாணவனின் அப்பா இதை வாங்கிக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. அவர் ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணம் அது.

இன்னொன்று எஸ்எம்பிஎஸ். கொட்டேஷனில் “450 வாட்” என்று மட்டும் போட்டிருந்தால் கம்பெனி பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். லேபிளில் இருக்கும் வாட்டை உண்மையில் தாங்காத மலிவுப் பெட்டிகள் இருக்கின்றன. அது வெடித்தால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆர்எக்ஸ் 6600 அதிகபட்சம் 132 வாட்தான் இழுக்கும். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 550 வாட் பெட்டி தாராளம். யூபிஎஸ் வாங்கும்போதும் வி.ஏ. வேறு, வாட் வேறு என்பதை மறக்க வேண்டாம். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். கணினியும் மானிட்டரும் சேர்ந்து முழுச் சுமையில் இருக்கும்போது அதன் பேட்டரி அதிக நேரம் தாங்காது. ஆயிரம் வி.ஏ. வாங்குங்கள். மே மாதத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் கண் சிமிட்டுவது சாதாரணம்.

கன்சோலைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. அதுதான் அதன் பெருமை. பெட்டியைப் பிரித்து, எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, அப்டேட் முடிந்ததும் ஆடலாம். டிரைவர் மென்பொருள் தேடும் வேலை இல்லை, செட்டிங்ஸ் இல்லை. பள்ளியில் நாள் முழுவதும் நின்று பேசிவிட்டு வருகிற எனக்கு அது பெரிய வரம். திறனில் பார்த்தாலும் பிஎஸ்5-இன் கிராபிக்ஸ், ஆர்எக்ஸ் 6600-ஐவிட ஒரு படி மேல். நாற்பத்து மூன்று அங்குல 4கே டிவியில் கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் அழுத்தும்போது கன்ட்ரோலரின் விசை விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த உணர்வுக்காகவே நான் வாங்கியது வீண் போகவில்லை. அந்த கேம் கணினிக்கு வரவும் இல்லை.

சிக்கல் டிவிதான். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரை எங்கள் வீட்டு டிவி அம்மாவுடையது. சீரியல் நேரத்தில் நான் கன்ட்ரோலரைத் தொடுவதில்லை, தொடவும் மாட்டேன்; நாள் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் நேரம் அது. ஒரே டிவி உள்ள வீட்டில் பள்ளிப் பிள்ளைக்குக் கன்சோல் வாங்குவதற்கு முன் இதைப் பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் தினமும் சண்டை.

கேம்களின் செலவு இருபக்கமும் பேசும். பிஎஸ்5-க்குப் புதிய பெரிய கேம் ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. ஆனால் டிஸ்க் வகை வாங்கினால், ஆடி முடித்ததைப் பாதி விலைக்கு விற்கலாம் அல்லது நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்று டிஜிட்டல் வகைக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கேம்களை இணையத்தில் பிறரோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனி. கணினியில் அந்தச் சந்தா கிடையாது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாய் விலை, ஆண்டில் சில முறை பெரிய தள்ளுபடி. அதுபோன்ற இன்னொரு கடையான எபிக் ஸ்டோர் வாரந்தோறும் ஏதாவது ஒன்றை இலவசமாகத் தருகிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே தந்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் கணினியில் மட்டும்தான், இலவசம். மறுபக்கம், ஜிடிஏ 6-க்கு 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள், பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும். கணினிக்கு அறிவிப்பு இல்லை. தம்பி இப்போதே என் ஹாலுக்கு முன்பதிவு செய்துவிட்டான்.

மின்கட்டணத்தை எல்லோரும் பயந்து கேட்கிறார்கள். கணினியும் மானிட்டரும் சேர்ந்து ஆடும்போது சுமார் 250 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு மணி நேரம், அறுபது நாள்: முப்பது யூனிட். பிஎஸ்5-க்கு 200 வாட் என்று போட்டால் இருபத்து நான்கு, டிவி தனி. தலை போகிற செலவல்ல. ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். ஏசி ஓடுகிற வீடுகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அந்த வாட் எல்லாம் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் தங்கும். தம்பியின் ஏசி இல்லாத அறை மே மாத மதியத்தில் உட்கார முடியாத இடமாகிவிடும், ஃபேன்களும் இரைச்சல் போடும். தூசி இரண்டுக்கும் எதிரி. கேபினட்டைத் திறந்து பிரஷ்ஷால் தட்டலாம். பிஎஸ்5-இல் பக்கப் பலகையைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே துளைகள் வைத்திருக்கிறார்கள், வாக்யூம் கிளீனரால் இழுத்துவிடலாம்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே எழுதிய பில் இன்று செல்லாது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போய்க்கொண்டிருப்பதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராம் விற்ற மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் 3,200-க்கு வாங்கிய ராமுக்கு அதே மாடிக் கடைக்காரர் இப்போது சொல்கிற விலை இரண்டு மடங்குக்கும் மேல். எஸ்எஸ்டியும் ஏறியிருக்கிறது. ஆகவே சொந்தக்காரர் வீட்டிலோ அலுவலகத்திலோ எங்களுடையதைப் போல டிடிஆர்4 வகை ராம் போட்ட பழைய கணினி சும்மா கிடந்தால், முதலில் அதன் ராமைக் கேளுங்கள். 5600 பொருந்தும் ஏஎம்4 மதர்போர்டுகள் எல்லாம் டிடிஆர்4-தான். இரண்டு ராம் போட்டால் இரண்டும் ஒரே வேகமாக இருப்பது நல்லது. கிராபிக்ஸ் கார்டையும் தள்ளிப்போடலாம். 5600-க்குப் பதில் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி வாங்கினால் வாலரன்ட் நன்றாக ஓடும், பாடமும் நடக்கும், அடுத்த ஆண்டு கார்டு சேர்க்கலாம்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை கூட்டத்தில் கடைக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. வார நாளில் பதினொரு மணிக்குப் போய், இரண்டு மூன்று கடைகளில் மாடல் எண்ணோடு கொட்டேஷன் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் டீ குடித்தபடி ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.